செங்காயா, பழமா?

பொங்கல் முடிந்து உடுமலைப் பக்கம் மாமா வீட்டிலிருந்து சென்னைக்குக் கிளம்பும்போது, தக்காளி விஷயத்தில் அவருக்கும் எனக்கும் ஒரு சின்னச் சண்டை. தோட்டத்தில் அன்றைக்குத்தான் பறிப்பு. வேப்பமர நிழலில் தார்ப்பாய் விரித்துக் குவித்திருந்தார்கள். "வேணுங்கறத அள்ளிக்க அம்மிணி" என்றார் அத்தை. நானும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நல்ல ரத்தச் சிவப்பில் பளபளவென்று இருந்த பழங்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாமா, என் பெட்டியிலிருந்து பாதியை எடுத்துக் குவியலிலேயே திரும்பப் போட்டார். பதிலுக்கு, பச்சையும் வெளுப்புமாக, அடியில் மட்டும் லேசாக மஞ்சள் தட்டியிருந்த காய்களை அள்ளிப் போட்டார்.

"காய் எதுக்கு மாமா எனக்கு? சென்னையில கிடைக்காததா?"

"சொன்னாக் கேளு. இந்தப் பழம் நீ ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள தொக்காயிரும்."

நான் விடவில்லை. அவர் திரும்பிய நேரம் பார்த்து இன்னொரு துணிப்பையில் மூன்று கிலோ பழம் தனியாகக் கட்டிக்கொண்டேன். ராத்திரி பஸ். சுமார் 500 கிலோமீட்டர். காலையில் இறங்கும்போது துணிப்பையின் அடி ஈரமாக இருந்தது. பொங்கலுக்கு எடுத்த புதுப் புடவையின் பார்டரில் தக்காளி விதை ஒட்டியிருந்ததை அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். மாமா போட்டுக் கொடுத்த பெட்டியில் ஒரு காய்க்குக்கூட ஒரு கீறல் இல்லை.

இத்தனைக்கும் நான் மாடியில் தொட்டி வைத்துத் தக்காளி வளர்க்கிறவள். எப்போது பறிக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் "பழுத்ததும்" என்று சட்டென்று சொல்லியிருப்பேன். நான்கு எட்டில் சமையலறை இருக்கிறவர்களுக்கு அது சரியான பதில்தான். மாமாவுக்கு அது நஷ்டக் கணக்கு.

அன்றைக்குக் காலையில் அவர் தரம் பிரித்ததைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்திருந்தால் எனக்குப் புடவை மிஞ்சியிருக்கும். பறிக்கிற அக்காக்கள் அன்னக்கூடையில் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, மாமாவின் கை தானாக நான்கு பக்கம் பிரித்துப் போடும். முழுப் பச்சை ஒரு பக்கம். அது தவறிப் பறித்தது, அதற்காக ஒரு முணுமுணுப்பும் சேர்த்துப் போடுவார். அடிமூக்கில் நிறம் திரும்பிய காய் இன்னொரு பக்கம். அது கேரள வியாபாரிக்கு. பாதி சிவந்த செங்காய், கோயம்புத்தூருக்கு. முழுப் பழம் உள்ளூர்ச் சந்தைக்கும் வீட்டுக்கும். ஒரே செடியில் ஒரே நாளில் பறித்த காய்கள், எவ்வளவு தூரம் போகும் என்பதை நிறத்தை வைத்தே தீர்மானித்துவிடுகிறார்.

அமெரிக்க வேளாண்மைத் துறை இதையே ஆறு நிலைகளாக எழுதி வைத்திருக்கிறது. முழுப் பச்சை, மேல்பரப்பில் 10 சதவீதத்துக்குள் நிறம் மாறியது, 10 முதல் 30 வரை, 30 முதல் 60 வரை, 60 முதல் 90 வரை, அதற்கு மேல் போனால் சிவப்பு. இரண்டாவது நிலைக்கு அவர்கள் வைத்த பெயர் பிரேக்கர், அதாவது பச்சை உடைகிற கட்டம். நம் ஆட்கள் சொல்லும் 'திரும்பின காய்' அதைவிட நன்றாக இருக்கிறது என்பது என் கட்சி. காய் அந்த இடத்தில் நிஜமாகவே திரும்புகிறது. அதற்குப் பிறகு அது காய் பக்கம் போகவே போகாது.

சரி, பச்சையிலேயே பறித்தால் இன்னும் நிறைய நாள் தாங்குமே, ஏன் மாமா முணுமுணுக்க வேண்டும்? கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. இடுப்பிலிருந்து சூரிக்கத்தியை எடுத்து, ஒரே அளவில் இருந்த இரண்டு பச்சைக்காய்களைக் குறுக்கே நறுக்கி என் கையில் வைத்தார். வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். உள்ளே பார்த்தால், ஒன்றில் விதையறை கெட்டியாக, வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருந்தது. கத்தி போன வழியில் விதைகளும் இரண்டாக அறுபட்டிருந்தன. மற்றதில் விதையைச் சுற்றி வழுவழுவென்று கூழ் கட்டியிருந்தது. கத்தி பட்டதும் விதைகள் வழுக்கி ஒதுங்கிக்கொண்டன, ஒன்றுகூட அறுபடவில்லை. கூழில் மெல்லிய ரோஸ் நிறம்கூட ஓடியிருந்தது. வெளியே இன்னும் பச்சை, உள்ளே ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது.

"இது முத்தினது, பழுக்கும். அது பிஞ்சு. எத்தன நாள் வெச்சாலும் வெம்பித்தான் போகும்."

விதை அறுபடுகிறதா, வழுக்குகிறதா என்பதுதான் தக்காளி ஆராய்ச்சிக்காரர்களும் வைத்திருக்கும் சோதனை என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. தக்காளி உள்ளிருந்து வெளியே பழுக்கிற காய். முதலில் விதையைச் சுற்றியுள்ள கூழ், பிறகு சதை, கடைசியில் தோல். தோலிலும் அடிமூக்கில் தொடங்கிக் காம்பை நோக்கி ஏறும். சிக்கல் என்னவென்றால், முற்றிய பச்சைக்கும் முற்றாத பச்சைக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் கண்டுபிடிப்பது அனுபவசாலிக்கே கஷ்டம். ஒவ்வொரு காயையும் நறுக்கிப் பார்த்துவிட்டு விற்க முடியுமா? அதனால்தான் மாமா பச்சையைத் தொடுவதில்லை. நிறம் துளி திரும்பிவிட்டால் உள்ளே வேலை முடிந்தது என்பதற்கு அது கண்ணுக்குத் தெரிகிற அத்தாட்சி.

இந்த இடத்தில் அம்மா ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "மாங்காய வைக்கோல்ல போட்டுப் பழுக்க வைக்கிறோம், வாழைத்தார பச்சையா வெட்டிப் புகைமூட்டம் போடுறோம். அதெல்லாம் தித்திக்கலையா? தக்காளிக்கு மட்டும் என்ன வந்துது?"

இதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தப் பதிவே இவ்வளவு நீளமாகிவிட்டது. மூன்றும் ஒரே சாதிதான். பறித்த பிறகும் பழுக்கிறவை, எத்திலீன் என்ற வாயுவைத் தானே உண்டாக்கி, அந்த வாயுவாலேயே தூண்டப்பட்டு, மேலும் மேலும் உண்டாக்கிக்கொள்கிறவை. பழுக்கிற பழம் எத்திலீனை வெளியிடுகிறது என்று 1934-ல் ஆர். கேன் என்ற இங்கிலாந்து ஆய்வாளர் ஆப்பிளை வைத்து நிரூபித்தார். அதற்கு எத்தனையோ காலம் முன்பே நம் ஊரில் புகைமூட்டம் போட்டவர்களுக்கு வாயுவின் பெயர் தெரியாது, வேலை தெரியும். புகையிலும் எத்திலீன் உண்டு.

ஆனால் வாழைக்காய் மரத்திலிருந்து இறங்கும்போதே சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு இறங்குகிறது. பச்சை வாழைக்காயின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. பழுக்கும்போது கிட்டத்தட்ட அத்தனையும் சர்க்கரையாகிறது. மாங்காயிலும் மாவு உண்டு. தக்காளி 94, 95 சதவீதம் தண்ணீர். பிஞ்சாக இருக்கும்போது கொஞ்சம் மாவுச்சத்து சேர்த்து வைக்கும். காய் முற்றி நிறம் திரும்புவதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆக, தக்காளியின் இனிப்பில் பெரும்பகுதி இலையிலிருந்து காம்பு வழியாக வந்து சேர்ந்தால்தான் உண்டு. காம்பை ஒடித்த நிமிடம் வரவு நின்றுவிடுகிறது. அதன் பிறகு நிறம் வரும், மென்மை வரும், கொஞ்சம் மணமும் வரும். தித்திப்பு மட்டும் பறித்த அன்றைக்குப் பையில் எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான்.

1977-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஏடெல் கேடரும் அவர் கூட்டாளிகளும் இதைச் சுவைத்தே பார்த்திருக்கிறார்கள். வெவ்வேறு நிலைகளில் பறித்து, 20 டிகிரியில் பழுக்க வைத்து, எல்லாம் ஒரே சிவப்புக்கு வந்த பிறகு ருசி பார்க்கக் கொடுத்தார்கள். செடியிலேயே பழுத்ததைவிட, முன்னதாகப் பறித்தவை இனிப்புக் குறைவு, புளிப்பு அதிகம், தக்காளியின் வாசமும் மட்டு என்று வந்தது. கண்ணுக்கு எல்லாம் ஒரே சிவப்பு. கடையில் நாம் நிறத்தைப் பார்த்து ஏமாறுவது ஏன் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

படித்ததோடு விட்டிருக்கலாம். என் புத்தி அப்படியில்லை. மாமாவின் பெட்டியில் எல்லா நிலையிலும் காய் இருந்தது, நான் கேட்டு வாங்கிய ஒரு பிடி பச்சை உட்பட. வகைக்கு நான்கு எடுத்து, சாமான் அறை அலமாரியில் செய்தித்தாள் விரித்து, ஒவ்வொன்றின் தோளிலும் ஸ்கெட்ச் பேனாவால் எண் போட்டு அடுக்கினேன். "கொலு முடிஞ்சு மூணு மாசமாச்சே" என்றார் கணவர். தை மாதம், வீட்டுக்குள் 27, 28 டிகிரி. சென்னையில் தக்காளிக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது.

துணிப்பையில் நசுங்காமல் தப்பிய நான்கு முழுப் பழங்கள் மூன்றாம் நாளே விரல் வைத்தால் பள்ளம் விழுகிற பதத்துக்கு வந்தன. ஐந்தாம் நாள் ஒன்றின் காம்புக்குழியில் கறுப்புப் பூஞ்சை. அதைத் தூக்கிப் போடாமல் ஒரு நாள் விட்டேன், பக்கத்தில் இருந்ததும் கெட்டது. செங்காய்கள் மூன்று நாளில் முழுச் சிவப்பாகி, ஒன்பதாம் நாள் வரை குழம்புக்கு உதவின. அடிமூக்கில் மட்டும் திரும்பியிருந்தவைதான் ஆச்சரியம். ஆறாம் நாள் சிவந்தன. பன்னிரண்டாம் நாளும் நறுக்கினால் துண்டு துண்டாக நின்றன, சாறு ஓடவில்லை. பச்சை நான்கில் இரண்டு பதினொன்றாம் நாள் ஒருவழியாகச் சிவந்தன. ஒன்று மஞ்சளோடு நின்றுவிட்டது. இன்னொன்று தோல் சுருங்கி, கிழவி முகமாகி, கடைசிவரை பழுக்கவேயில்லை. மாமா சொன்ன பிஞ்சு அதுதான் என்று வைத்துக்கொள்கிறேன்.

நான்கு காய்களை வைத்துச் செய்தது ஆராய்ச்சி ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் ரசத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஒரே புளி, ஒரே பருப்புத் தண்ணீர், ஒரே பொடி. ஒன்றில் செடியில் பழுத்த பழம், ஒன்றில் அலமாரியில் சிவந்த பச்சை. அம்மாவுக்கு எது எது என்று சொல்லவில்லை. இரண்டாவதை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல தக்காளி போட்டியா, கலர் போட்டியா?" என்றார். தக்காளி கனியக் கனிய அதில் குளுட்டமேட் ஏறுகிறது. நாக்கில் நின்று 'இன்னும் கொஞ்சம் ஊத்து' என்று கேட்க வைக்கிற சுவை அது. ரசத்துக்குக் கனிந்த பழம், குழம்புக்குச் செங்காய், கூட்டுக்கும் துவையலுக்கும் காய் என்று அம்மா பிரித்து வைத்திருப்பதற்கு வேதியியல் சாட்சி சொல்கிறது.

சோதனையில் ஒரு திருட்டுத்தனமும் செய்தேன். இரண்டு செங்காய்களை ஃபிரிட்ஜில், காய்கறித் தட்டில் ஒரு வாரம் வைத்தேன். வெளியே எடுத்து மூன்று நாள் ஆகியும் ஒழுங்காகச் சிவக்கவில்லை. திட்டுத் திட்டாக, வெண்குஷ்டம் வந்த மாதிரி. நறுக்கினால் மாவு மாவாக, சாறு இல்லாமல் இருந்தது. தக்காளி வெப்பநாட்டுச் செடி, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் பக்கத்துப் பூர்வீகம். பழுக்காத நிலையில் 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் அதற்குக் குளிர்க்காயம் படும். பழுக்கவைக்கிற இயந்திரமே பழுதாகி, பிறகு வெளியே எடுத்தாலும் ஓடாது, அழுகல் மட்டும் சுலபமாக வரும். நம் வீட்டு ஃபிரிட்ஜ் 4, 5 டிகிரி. முழுதாகப் பழுத்தது இன்னும் கொஞ்சம் குளிரைத் தாங்கும். 7 முதல் 10 டிகிரி வரை அதற்குப் பரவாயில்லை.

பரவாயில்லை என்பது உடம்புக்கு. மணத்துக்கு அல்ல. 2016-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீயின் குழு, பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஏழு நாள் வைத்துப் பார்த்தது. சர்க்கரையும் அமிலமும் அப்படியே இருந்தன. மணம் தருகிற ஆவிப்பொருள்கள் குறைந்துபோயின, அறை வெப்பத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தும் பழையபடி ஆகவில்லை. மணத்தை உண்டாக்கும் மரபணுக்கள் சிலவற்றின் மேல் குளிர் ஒரு பூட்டுப் போட்டுவிடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். இதைப் படித்த அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தக்காளி மூங்கில் தட்டில், வெளியே. கனிந்து இன்றோ நாளையோ என்று நிற்பது மட்டும் ஃபிரிட்ஜுக்குப் போகும். அழுகி வீணாவதைவிட மணம் குறைந்தாலும் சாம்பாருக்கு ஆகுமே. இந்த விஷயத்தில் நான் தீவிரவாதி இல்லை.

தட்டில் அடுக்கும்போது காம்புக்குழி கீழே பார்க்க வைக்கிறேன். தக்காளித் தோலில் மூச்சுத்துளை கிடையாது. அது மூச்சு விடுவது, தண்ணீர் இழப்பது, பூஞ்சைக்கு வாசல் திறப்பது எல்லாம் பெரும்பாலும் அந்தக் குழி வழியாகத்தான். நம் ஊரில் காம்பைக் கிள்ளிவிட்டுத்தான் பறிப்பார்கள், காம்பு அடுத்த காயைக் குத்திவிடும் என்று. காம்போடு பறித்தால் பழம் கூடுதல் நாள் நிற்குமே என்றேன் மாமாவிடம். "நிக்கும். குத்துப்பட்ட பழத்துக்கு உங்க ஊர்க் கடைக்காரன் காசு குடுப்பானா?" என்றார். பேச்சு முடிந்தது.

இந்த வெப்பநிலைக் கணக்கு மறு பக்கமும் உண்டு. சித்திரை வைகாசியில் சென்னையில் தக்காளி சரியாகச் சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாகவே கனிந்து தொளதொளவென்று ஆவதைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் மேல் பழி போடாதீர்கள். சிவப்பு நிறத்தைத் தரும் லைக்கோபீன் 20 முதல் 25 டிகிரிக்குள் நன்றாக உருவாகும். 30-ஐத் தாண்டினால் அந்தப் பட்டறை ஓய்ந்துவிடும்; மஞ்சள் தரும் கரோட்டீன் மட்டும் வேலையைத் தொடரும். மாமா வெயில் ஏறுமுன் பறிப்பை முடித்துவிடத் துடிப்பதும் இதனால்தான். மதியம் பறித்த காய் வெயில் சூட்டைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு பெட்டிக்குள் போகிறது. சூடாக இருக்கும் பெட்டி வேகமாக மூச்சு விடும், எத்திலீனைப் பெருக்கும், இரண்டு நாள் ஆயுளை வழியிலேயே தின்றுவிடும். காலையில் பனி காய்ந்ததும் தொடங்கி, பத்தரைக்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். தோலில் ஈரம் இருக்கும்போது பறித்தாலும் அழுகல்தான்.

மண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்தப் பதத்தில் பறிப்பது என்பதைச் செடியைவிட விலைதான் அதிகமாகத் தீர்மானிக்கிறது. உடுமலைச் சந்தையில் 14 கிலோ பெட்டிக் கணக்கு. முந்தின நாள் ராத்திரி ஃபோன் வரும், இன்ன ரேட் என்று. ரேட் ஏறுமுகம் என்றால் இரண்டு நாள் கழித்துத் திரும்ப வேண்டிய காயெல்லாம் இன்றைக்கே இறங்கும். 2023 ஜூலையில் சென்னையில் சில்லறை விலை 100-ஐத் தாண்டி எகிறியதும், அரசு ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றதும் நினைவிருக்கும். அந்த மாதம் எங்கள் பகுதிக்கு வந்த தக்காளி பாதிக்கு மேல் பச்சை, ஊறுகாய்க்குத்தான் லாயக்கு. ஒரு பழம் செடியில் பழுக்கும்வரை காத்திருக்க யாருக்கும் நெஞ்சுரம் இல்லாத விலை அது. விலை சரிந்த நாள்களில் நேர்மாறு. பறிப்புக்கூலிக்கும் கட்டாது என்று செடியிலேயே விட்டு, கனிந்து, வெடித்து, ஆட்டுக்குப் போகும். அருமையான பழம். சாப்பிடத்தான் ஆள் இல்லை.

நுகர்கிற நாமும் சும்மா இல்லை. தள்ளுவண்டி அண்ணனிடம் "ரெண்டு நாளைக்குப் பழமா, மீதி காயா பார்த்துப் போடுங்க" என்று நான் சொல்லாத வாரம் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை வாங்குகிறவளுக்குக் காய்தான் வசதி. வண்டிக்காரருக்கும் அதுதான் வசதி, மண்டிக்காரருக்கும் அதுதான். இத்தனை பேர் வசதியும் கூடி, ஒவ்வொருவரும் ஒரு நாள் முன்னால் தள்ளித் தள்ளி, காய் செடியில் இருந்திருக்க வேண்டிய கடைசி நான்கு நாளைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். அந்த நான்கு நாள்தான் இனிப்பு.

பறிப்பதை முந்தாமல் பழுப்பதை மெதுவாக்கினால் என்ன என்று யோசித்தவர்களும் உண்டு. கலிஃபோர்னியாவின் கால்ஜீன் நிறுவனம் 1994-ல் ஃபிளேவர் சேவர் என்று ஒரு தக்காளியை விற்பனைக்கு விட்டது. மரபணு மாற்றிய முழு உணவு ஒன்று கடைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. தக்காளியின் செல்சுவர்களைக் கட்டி வைத்திருக்கும் பெக்டின் சாந்து கரைவதால்தான் பழம் தளர்கிறது. அதைக் கரைக்கும் நொதி ஒன்றை அடக்கிவிட்டால் செடியிலேயே சிவக்க விட்டு, பிறகு லாரியில் ஏற்றலாமே என்பது திட்டம். யோசனை நியாயமானது. ஆனால் தளர்வுக்கு அந்த ஒரு நொதி மட்டும் காரணமில்லை. பழம் எதிர்பார்த்த அளவு கெட்டியாக நிற்கவில்லை, செலவு கட்டவில்லை, சில வருடங்களில் கடையை விட்டே போய்விட்டது. இன்னொரு வழி, ரின் என்ற இயற்கைத் திரிபு. 1968-ல் எழுத்தில் பதிவான இந்தத் திரிபு இரட்டையாக, அதாவது இரு பெற்றோர் வழியிலும், வந்தால் காய் பழுக்கவே பழுக்காது. ஒற்றையாக வைத்து ஒட்டுக் கட்டினால் மெதுவாகப் பழுத்து வாரக்கணக்கில் நிற்கும். வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்டுகளில் வாரக்கணக்கில் வாடாத தக்காளி ரகங்கள் பலவற்றில் இது இருக்கிறது. நிறமும் மணமும் அதற்குக் கொடுத்த விலை.

எனக்கு இதைவிடப் பிடித்த கதை பச்சைத் தோள். நாட்டுத் தக்காளியைச் செடியில் பார்த்தால் காம்பைச் சுற்றி ஒரு கரும்பச்சைப் பட்டை இருக்கும். பெங்களூர்த் தக்காளி என்று நாம் சொல்லும் நீளவாட்டு ரகங்களில் அது பெரும்பாலும் இருக்காது. காய் முழுக்க ஒரே வெளிர்பச்சை. அப்படி ஒரே சீராக இருந்தால்தான் சீராகப் பழுக்கும், எப்போது பறிக்கலாம் என்றும் கண்ணுக்குச் சுலபமாகத் தெரியும் என்று உலகெங்கும் பயிர் வளர்ப்பாளர்கள் எழுபது வருடமாக அதைத் தேடித் தேடித் தேர்ந்தெடுத்தார்கள். 2012-ல் டேவிஸ் வளாகத்தின் ஆன் பவல் குழு அந்தச் சீர்மைக்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்தபோது விஷயம் வெளியே வந்தது. காயில் பச்சையத்தைக் கூட்டி, காய் தானே கொஞ்சம் சர்க்கரை சமைத்துக்கொள்ள உதவுகிற மரபணு அது; அது பழுதானதால் வந்ததுதான் அந்தச் சீர்மை. பறிக்கச் சௌகரியம் என்று பச்சைத் தோளைத் துரத்தினோம். அதோடு கொஞ்சம் இனிப்பையும் சேர்த்துத் துரத்தியிருக்கிறோம்.

நம் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 இதில் தப்பிப் பிழைத்த ஒன்று. அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் சடுதி மாற்றம் உண்டாக்கிப் பிரித்தெடுத்தது. தட்டையான உருண்டைக் காய், தோளில் பச்சைப் பட்டை. மாமாவின் தோட்டத்தில் விற்பனைக்கு ஒட்டுரகம்தான், குச்சி நட்டுக் கயிறு கட்டி. கிணற்று மேட்டோரம் இரண்டு வரிசை மட்டும் பி.கே.எம். இருக்கிறது. அது யாருக்கு என்று கேட்டதற்கு அத்தைதான் பதில் சொன்னார்: "அது திங்கறதுக்கு."

என் அலமாரிச் சோதனையின் கடைசித் தக்காளி, திரும்பின வகையில் மூன்றாம் எண், பதினைந்தாம் நாள் சட்னிக்குப் போனது. அன்று சாயங்காலம் மாமாவைக் கூப்பிட்டு, நீங்க சொன்னதுதான் சரி, பழம் நாலு நாளு, காய் ரெண்டு வாரம் என்று ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தேன். புடவை விஷயத்தையும் சொன்னேன். சிரித்தார். அடுத்த தடவை பழம் வேண்டாம், எல்லாம் திரும்பின காயாகவே கொடுங்கள் என்றேன்.

"எடுத்துட்டுப் போறதுக்கு அதத்தான் குடுப்பேன். அதுக்காகப் பழத்த உடச் சொல்றியா? மாசியில ஒரு நட வந்துட்டுப் போ. கெணத்து மேட்டுல ரெண்டு செடியப் பறிக்காம விட்டு வெக்கறேன். நின்ன எடத்துலயே தின்னுக்க. வரும்போது உப்பு மட்டும் ஒரு கை மடிச்சு எடுத்துட்டு வா."